மலைத்தோட்டங்களில் ஜலம் ஏற்றும் பம்பு: பழுதறியும் முறையும் மின்செலவுச் சிக்கனமும்

தேவாலாவில் பெய்யும் மழை ஏராளமானது. தென்மேற்குப் பருவகாலத்தில் தமிழ்நாட்டில் மிக அதிகமான மழை பதிவாகும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் மார்கழி கழிந்து பங்குனி முடியும் வரையில், அதே தேவாலா, பந்தலூர், கூடலூர் பகுதிகளில் ஓடைகள் மெலிந்து மேட்டு நிலம் வறண்டுவிடுகிறது. தேயிலை நாற்றங்காலும், புதிதாக நட்ட இளஞ்செடியும், மிளகுக் கொடியும் அக்காலத்தில் கைநீரை எதிர்பார்த்தே நிற்கின்றன. பள்ளத்து ஓடையிலோ கிணற்றிலோ உள்ள ஜலத்தை மேட்டுக்கு ஏற்றும் பம்பு அந்நாட்களில் நான்கு நாள் நின்றுபோனால், ஒரு வருஷம் வளர்த்த நாற்று வாடி வீணாகும். ஆகையால் பம்பின் குணதோஷங்களை நிலச்சொந்தக்காரர் தாமே அறிந்திருத்தல் அவசியம். மெக்கானிக்கை அழைத்துவர ஒரு நாளும், அவர் சொன்ன சாமானை வாங்கிவர மற்றொரு நாளும் செல்லும் மலைப்பிரதேசத்தில் இவ்வறிவின் பயன் இன்னும் அதிகம்.

யந்திரத்தை ஏற்றுமுன் அளவறிதல் வேண்டும் என்பதற்குத் தேவாலாவின் சரித்திரமே சான்று. 1879ஆம் வருஷத்தையொட்டி இப்பகுதியில் தங்கம் மிகுதியாகக் கிடைக்குமென்று நம்பி, சீமையில் பல கம்பெனிகள் ஏற்படுத்தப்பட்டன. பெரும் பொருட்செலவில் யந்திரங்கள் மலைமேல் கொண்டுவரப்பட்டன. பாறையிலுள்ள தங்கத்தின் அளவு செலவுக்குக் கட்டாதெனச் சில வருஷங்களுக்குள் தெரிந்து, அம்முயற்சி கைவிடப்பட்டது. பம்பு வாங்குவோரும் உயரம், தூரம், தேவையான ஜலம் ஆகிய மூன்றையும் அளவாமல் குதிரைசக்தியை மாத்திரம் கேட்டு வாங்குவது அதே வகையான தவறாகும்.

1. பம்பு வேலை செய்யும் விதம்

சாதாரணமாக உபயோகத்திலுள்ளது மையவிலக்குப் பம்பு. அதன் உட்புறத்தில் இறக்கைகளையுடைய இம்பெல்லர் என்னும் சக்கரம் சுழன்று, ஜலத்தை வெளிப்புறமாக வீசித் தள்ளுகிறது. அவ்வாறு தள்ளுவதால் சக்கரத்தின் நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் கிணற்று ஜலத்தை உறிஞ்சு குழாயின் வழியே மேலே ஏற்றி அக்குறையை நிரப்புகிறது. எனவே பம்பு ஜலத்தை இழுக்கிறதென்பது வழக்குச் சொல்லேயன்றி உண்மையன்று. காற்றே அதனைத் தள்ளிக் கொடுக்கிறது.

இதனின்று மலைநாட்டாருக்கு முக்கியமான ஓர் உண்மை விளங்கும். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் ஜலத்தைத் தாங்கும். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரமுள்ள கூடலூர், தேவாலாப் பகுதியில் அது சுமார் 9.2 மீட்டரே. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் 8 மீட்டருக்கும் குறைவு. குழாயின் உராய்வுக்கும் பம்பின் உட்தேவைக்கும் இதில் ஒரு பங்கு கழிந்துபோகும். ஆகவே சமவெளியில் ஜலமட்டத்துக்கு 6 மீட்டர் மேலே வைத்துச் சரிவர ஓடிய பம்பைத் தேவாலாவில் 5 மீட்டருக்கு மேற்படாமலும், உதகையில் 4 மீட்டருக்கு மேற்படாமலும் வைத்தல் நலம். கோயம்புத்தூரில் நன்றாக ஓடிய பம்பு மலையில் ஓடவில்லையென்று விற்றவரைக் குறைகூறுவோர், முதலில் இவ்வுயரத்தை அளந்து பார்க்க வேண்டும். கோடையில் கிணற்று ஜலம் இறங்க இறங்க இந்த உயரம் அதிகப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது.

2. பழுதைக் கண்டறியும் முறை

பம்பு கெட்டவுடன் அதனை முழுவதும் பிரித்துப் போடுவது சரியன்று. வெளியே தெரிவதை முதலிலும், உள்ளே இருப்பதைக் கடைசியிலும் பரீட்சித்தல் வேண்டும்.

(அ) மோட்டார் சுழலவில்லை. மின்சாரம் மூன்று பேஸிலும் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலே தட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அவ்வாறு சில நிமிஷம் விட்டால் காயில் கருகும். மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் இல்லாமையும், ஒரு பேஸ் மோட்டாரில் கண்டென்சர் கெட்டமையும் இதற்குச் சாதாரணக் காரணங்கள். மின்சாரத்தைத் துண்டித்தபின் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையெனில் பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது மழைக்காலம் முழுவதும் ஓடாதிருந்ததால் இம்பெல்லர் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். மின்னழுத்தக் குறைவும் ஒரு காரணமாகும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், மோட்டார் கிளம்பும் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

(ஆ) மோட்டார் ஓடுகிறது, ஜலம் வரவில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்திருத்தலே. பம்பையும் உறிஞ்சு குழாயையும் ஜலத்தால் முற்றும் நிரப்பி, பத்து நிமிஷம் ஓட்டாமல் வைத்துப் பார்க்க வேண்டும். ஜலமட்டம் இறங்கினால் ஃபுட்வால்வு ஒழுகுகிறது, அல்லது குழாயில் இணைப்பொன்று விட்டிருக்கிறது எனத் தெளியலாம். ஃபுட்வால்வில் இலையோ சிறு கல்லோ சிக்கியிருத்தலும், தோல் அல்லது ரப்பர் வாஷர் தேய்ந்திருத்தலும் சாதாரணம். ஒழுகும் ஃபுட்வால்வை அடைப்பதற்காகச் சாணிக் கரைசலை ஊற்றும் வழக்கம் அநேக இடங்களில் உண்டு. அன்றைய தினத்துக்கு அது உதவினாலும், நாரும் மணலும் இம்பெல்லரில் சென்று அடைத்துக்கொள்ளும். புதிய வாஷரின் விலை அதனால் விளையும் நஷ்டத்தைவிட மிகக் குறைவு.

(இ) சிறிது நேரம் வந்து நின்றுவிடுகிறது. ஜலமட்டம் இறங்கி ஃபுட்வால்வு வெளிப்படுகிறதா, அல்லது மேற்பரப்பில் சுழி உண்டாகி அதன்வழியே காற்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபுட்வால்வு மேற்பரப்புக்கு அரை மீட்டருக்குக் குறையாமல் கீழேயும், அடிச்சேற்றுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் மேலேயும் இருத்தல் வேண்டும். உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்பை நோக்கி எங்கும் இறக்கமின்றி ஏறிச் செல்ல வேண்டும். நடுவில் கூன்போல் உயர்ந்திருந்தால் அவ்விடத்தில் காற்றுத் தங்கி ஜலத்தைத் தடுக்கும். காற்று நுழையும் இணைப்பைக் கண்டுபிடிக்க, பம்பு ஓடுகையில் ஒவ்வோர் இணைப்பின்மேலும் சோப்பு நுரையைத் தடவலாம். நுரை உள்ளே இழுக்கப்படும் இடமே குற்றமுள்ள இடம்.

(ஈ) ஜலம் வருகிறது, ஆனால் குறைவு. வடிகட்டியில் தேயிலைச் சருகும் பாசியும் அடைத்திருத்தல், இம்பெல்லர் தேய்ந்திருத்தல், வெளியேற்றுக் குழாயில் ஒழுக்கு ஆகியவை காரணங்களாகும். மற்றொரு காரணம் அநேகருக்குத் தோன்றுவதேயில்லை. மோட்டாரைப் பழுதுபார்த்து மீண்டும் கம்பிகளை இணைக்கையில் இரண்டு கம்பிகள் இடம் மாறினால், மூன்று பேஸ் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழலும். அப்போதும் கொஞ்சம் ஜலம் வரும். ஆகையால் சுழற்சி சரியென்றே நினைத்து, பம்பு கெட்டதென்று முடிவு செய்கிறார்கள். பம்பின் மேலுள்ள அம்புக்குறியோடு சுழற்சியை ஒப்பிட்டு, மாறியிருந்தால் ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிவிட்டால் போதும்.

(உ) சத்தமும் சூடும். கூழாங்கற்களை உள்ளே போட்டு உருட்டுவது போன்ற சத்தம் கேட்டால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்து, ஜலம் ஆவிக் குமிழிகளாக மாறி உடைகிறதென்று அறியலாம். இது நீடித்தால் இம்பெல்லர் புழு அரித்தது போலாகும். வடிகட்டியைச் சுத்தம் செய்தல், உறிஞ்சு குழாயைப் பெரிதாக்குதல், பம்பை ஜலமட்டத்துக்குக் கிட்ட இறக்கி வைத்தல் ஆகியவை பரிகாரம். கிளாண்டு கயிறு வைத்த பம்பில் ஜலம் துளித்துளியாகச் சொட்டுவது குற்றமன்று, அதுவே கயிற்றையும் தண்டையும் குளிர்விக்கிறது. சொட்டு நிற்கும்வரை முறுக்குவதால் தண்டு தேய்வதுமன்றி மின்செலவும் கூடும். மெக்கானிக்கல் சீல் வைத்த பம்பில் மாத்திரம் சொட்டு இருத்தலாகாது.

3. மின்செலவை அளக்கும் முறை

பம்பின் நிலையை அறிய ஒரு 200 லிட்டர் பீப்பாயும், கடிகாரமும், மின்மீட்டருமே போதும். ஜலம் விழும் இடத்தில் பீப்பாயை வைத்து நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 67 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 3 லிட்டர், அதாவது மணிக்கு 10,800 லிட்டர் வருகிறது. ஒரு மணி நேரத்தில் மீட்டர் எத்தனை யூனிட்டு காட்டுகிறதென்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நஷ்டம் ஒன்றுமில்லாவிடில் 10,000 லிட்டர் ஜலத்தை 1 மீட்டர் உயர்த்த 0.027 யூனிட்டு போதும். 25 மீட்டர் உயர்த்த 0.68 யூனிட்டு. ஆனால் மோட்டாரிலும் பம்பிலும் ஒரு பகுதி நஷ்டமாவது இயல்பு. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்கு பயன் தருமாயின் 1.7 யூனிட்டு ஆகும். இதனைச் சிறிய பம்புக்கு ஒப்புக்கொள்ளத்தக்க அளவாகக் கருதலாம். அதே வேலைக்கு மீட்டர் 3.4 யூனிட்டு காட்டினால், பயன் நூற்றுக்கு 20 பங்கே. செலவாகும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு சூடாகவும் சத்தமாகவும் வீண்போகிறது என்பது பொருள்.

விவசாய இணைப்பில் கட்டணமின்றி மின்சாரம் பெறுவோர், இக்கணக்கு தமக்கு வேண்டியதில்லை என்று எண்ணலாகாது. கட்டணம் இல்லாவிடினும் மின்சாரம் கிடைக்கும் நேரம் அளவுபட்டது. நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய பாய்ச்சலுக்கு எட்டு மணி நேரம் பிடித்தால் பயிர்தான் வாடும். கூடலூர்ப் பகுதியில் 1969ஆம் வருஷத்திய ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களின் உரிமை நெடுங்காலம் தீராதிருந்தமையால், மின் இணைப்புப் பெறாமல் எண்ணெய் எஞ்சினை நம்பியிருந்தோர் பலர். எண்ணெயை விலைகொடுத்து வாங்கி, தலைச்சுமையாகப் பள்ளத்துக்கு இறக்குவோருக்கு ஒவ்வொரு துளியும் கணக்கே. எஞ்சினின் பலமும் உயரத்துக்கு உயரம் குறையும். சாதாரண எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது.

4. செலவைக் குறைக்கும் வழிகள்

முதலாவது, குழாயின் அளவு. குழாய் சிறுத்தால் ஜலம் விரைந்து ஓடி உராய்வு பெருகும். ஒரே அளவு ஜலத்துக்கு, உராய்வானது குழாயின் விட்டத்தை ஐந்து மடி பெருக்கிய அளவுக்கு எதிர்விகிதமாக மாறுகிறது. உதாரணமாக, ஓடையிலிருந்து 20 மீட்டர் உயரத்திலுள்ள நாற்றங்காலுக்கு 100 மீட்டர் நீளமுள்ள குழாயில் விநாடிக்கு 3 லிட்டர் ஏற்றுவதாகக் கொள்வோம். உட்புறம் 40 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயாயின் உராய்வு சுமார் 14 மீட்டர் உயரத்துக்குச் சமம். 50 மில்லிமீட்டராயின் சுமார் 4½ மீட்டர். 63 மில்லிமீட்டராயின் சுமார் 1½ மீட்டர். மொத்த ஏற்றம் முறையே 34, 24½, 21½ மீட்டராகிறது. நூற்றுக்கு 40 பயனுள்ள பம்பில் 10,000 லிட்டருக்கு முறையே 2.3, 1.7, 1.5 யூனிட்டு ஆகும். 40இலிருந்து 50க்கு மாறுவதில் லாபம் பெரிது. 50இலிருந்து 63க்கு மாறுவதில் லாபம் சிறிது. ஆகையால் எவ்வளவு பெரிய குழாய் போதுமென்பதைக் குழாயின் விலையோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயில் உராய்வு இன்னும் அதிகம்.

இரண்டாவது, ஃபுட்வால்வும் வளைவுகளும். குறுகிய துவாரங்களையுடைய கனத்த ஃபுட்வால்வு, பம்பு ஓடும் நேரமெல்லாம் ஒரு வரியை வசூலிப்பது போன்றது. ஜலம் தாராளமாகச் செல்லும் தரமுத்திரை பெற்ற ஃபுட்வால்வை வாங்குதலும், கூரிய முழங்கை வளைவுக்குப் பதில் நீண்ட வளைவை வைத்தலும் சிறந்தவை.

மூன்றாவது, வீண் உயரம். ஜலம் கொட்டுவதைக் கண்ணால் காண்பதற்காகக் குழாயின் வாயைத் தொட்டிக்கு மேல் இரண்டு மீட்டர் தூக்கிவைக்கும் வழக்கமுண்டு. 20 மீட்டர் ஏற்றத்தில் 2 மீட்டர் வீண் உயரமென்பது பத்தில் ஒரு பங்கு செலவாகும். குழாயின் வாய் தொட்டியின் நிறைமட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

நான்காவது, பொருத்தமான பம்பு. ஒவ்வொரு பம்பும் ஒரு குறிப்பிட்ட ஏற்றத்திலும் அளவிலுமே அதிகப் பயன் தரும். 40 மீட்டர் ஏற்றத்துக்கென்று செய்த பம்பை 20 மீட்டரில் வைத்து, வால்வைத் திருகி அடக்கி ஓட்டுவது, மாட்டை ஓட்டிக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதற்கு ஒப்பாகும். குழாயை மாற்றிய பின்னரும் ஏற்றத்தை மறுபடி அளந்து, அதற்கேற்ற பம்பா என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்குகையில் விலையோடு நட்சத்திரக் குறியையும், பெயர்த்தகட்டிலுள்ள ஏற்றத்தையும் அளவையும் பார்த்தல் வேண்டும். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார் அதிக மின்சாரத்தைக் குடிக்கும்.

இங்கு ஒரு சந்தேகத்தை நீக்குதல் தகும். நீச்சல்குளங்களில் பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்பலம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறதென்று சொல்லப்படுவது உண்மையே. அங்கு ஜலம் வடிகட்டி வழியே சென்று அதே குளத்துக்குத் திரும்புவதால், உராய்வையன்றி ஏற்ற வேண்டிய உயரம் ஒன்றுமில்லை. மலைத்தோட்டத்திலோ பெரும்பங்கு வேலை ஜலத்தை உயர்த்துவதே. வேகத்தை மிகக் குறைத்தால் ஜலம் மேட்டை எட்டாமல், பம்புக்குள்ளேயே சுழன்று சூடாகும். ஆகையால் வேகம் மாற்றும் கருவியை மலையில் வாங்குமுன் நன்கு யோசிக்க வேண்டும்.

5. பம்பின்றி ஜலம் பெறுதல்

செலவில்லாத சக்தி, மலைச்சரிவே. தோட்டத்துக்கு மேலே ஊற்றிருக்குமாயின், சற்று நீண்ட குழாயானாலும் அதிலிருந்து தானாக இறக்கிக்கொள்வது எந்தப் பம்பையும்விட மேல். ஊற்று கீழேயிருந்து, ஓடைக்கு நல்ல வீழ்ச்சி இருக்குமாயின், ஹைட்ராலிக் ராம் என்னும் கருவியைக் கருதலாம். 1796ஆம் வருஷம் பிரான்சு தேசத்து மாண்ட்கோல்பியர் அமைத்த இக்கருவிக்கு மின்சாரமும் எண்ணெயும் வேண்டுவதில்லை. விழும் ஜலத்தின் வேகத்தைத் திடீரென்று நிறுத்தி, அந்த அதிர்ச்சியால் அதில் ஒரு சிறு பகுதியை இது மேலேற்றுகிறது. 3 மீட்டர் வீழ்ச்சியும் நிமிஷத்துக்கு 100 லிட்டர் ஓட்டமும் உள்ள இடத்தில், நூற்றுக்கு 60 பயனுள்ள ராம் 30 மீட்டர் உயரத்துக்கு நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஏற்றும். அது சொற்பமாகத் தோன்றினும், இரவு பகல் ஓடுவதால் ஒரு நாளைக்கு 8,600 லிட்டருக்கு மேல் தொட்டியில் சேரும். கோடையில் ஓடை எவ்வளவு மெலிகிறதென்பதை ஒரு வருஷமேனும் அளந்தபின்பே இதனை அமைக்க வேண்டும்.

ஏற்றிய ஜலத்தைக் காப்பதும் சிக்கனமே. இளஞ்செடியின் அடியில் சருகும் வெட்டிய புல்லும் பரப்பி மூடினால், ஈரம் காய்வது குறைந்து பாய்ச்சலின் இடைவெளி நீளும்.

6. உயிருக்குரிய எச்சரிக்கை

ஈரமான பள்ளத்தில் மின்சாரத்தைக் கையாளுகையில் அசட்டை கூடாது. மோட்டாரின் உடலை எர்த்துக் கம்பியோடு முறைப்படி இணைக்க வேண்டும். கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே துண்டிக்கும் கருவியைப் பொருத்துதல் நலம். மெயின் சுவிட்சை அணைக்காமல் எதையும் தொடலாகாது. கண்டென்சர், மின்சாரம் நின்றபின்னும் சிறிது நேரம் அதிர்ச்சி தரவல்லது.

எண்ணெய் எஞ்சினைக் கிணற்றின் உள்ளேயோ மூடிய குழியிலோ வைத்து ஓட்டுவது மரணத்தை அழைப்பதாகும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையவில்லையாதலால் ஆபத்தில்லையென்று முடிவு செய்தலாகாது. விளக்கு அணையாத அளவிலேயே இவ்வாயு ஆளைக் கொல்லும். உள்ளே விழுந்தவரை மீட்க அடுத்தவர் உடனே இறங்குவதால் ஒன்றுக்கு இரண்டாக உயிர்ச்சேதம் நேர்கிறது. அத்தகைய சமயத்தில் இறங்காமல் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்க வேண்டும்.

7. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஊர்க் குடிநீர்ப் பம்புக்கும் மேற்கூறிய யாவும் பொருந்தும். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கீழ்க்கண்டவற்றை எழுதிவரின் பழுது பெரிதாகுமுன் தெரியவரும்.

வாரம் ஒருமுறை: வடிகட்டி சுத்தம் செய்யப்பட்டதா, கிளாண்டுச் சொட்டு, வழக்கத்துக்கு மாறான சத்தம் அல்லது சூடு.

மாதம் ஒருமுறை: பீப்பாய் நிரம்பும் விநாடி, ஒரு மணி நேர மீட்டர் யூனிட்டு, பம்பிலிருந்து ஜலமட்டத்தின் ஆழம்.

வருஷம் ஒருமுறை, மழை நின்று கோடை தொடங்குமுன்: ஃபுட்வால்வு வாஷர், கிளாண்டு கயிறு, பேரிங், இம்பெல்லர், எர்த்து இணைப்பு. மழைக்காலத்தில் நெடுநாள் ஓடாத பம்பை, ஜலம் நிரப்பி வாரம் ஒருமுறை சில நிமிஷம் ஓட்டிவைக்க வேண்டும்.

ஜலமட்டம் மாறாதிருக்க, பீப்பாய் நிரம்பும் நேரம் முதல் மாதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியிருப்பின் பம்பைத் திறந்து பார்க்கும் காலம் வந்ததென அறியலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே இப்பரிசோதனையை முடித்து, வாஷரும் கயிறும் ஒரு ஜோடி அதிகமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுதல் குடியானவர்களுக்குச் சிலாக்கியமாகும்.